போர்பன், இத்தாலியக் கசப்பு, ஒரு ஈழத் தமிழ்ப் பெண்ணின் பாட்டு: ‘பேப்பர் பிளேன்’ காக்டெயிலின் கதை என்ன?

சோளிங்கர் பக்கத்தில் ஏதாவது ஒரு டாஸ்மாக் கடையில் போய், “அண்ணே, அபெரோல் ஒண்ணு, அமாரோ நோனினோ ஒண்ணு” என்று கேட்டுப் பாருங்கள். “என்ன தம்பி, மெடிக்கல் ஷாப்புக்குப் போக வேண்டியவன் வழி தவறி வந்துட்டியா?” என்றுதான் பதில் வரும்.

அந்தப் பதில் முழுக்கத் தப்பும் இல்லை. வேர், பட்டை, பழத்தோல் எல்லாவற்றையும் ஊறவைத்து இறக்கும் இத்தாலியின் கசப்பு மதுக்களுக்கு வயிற்று மருந்து என்ற பின்னணி உண்டு. சாப்பாட்டுக்கு முன் பசியைத் தூண்ட ஒன்று, சாப்பிட்ட பிறகு செரிக்க ஒன்று என்றுதான் அங்கே இவற்றைக் குடித்துப் பழகினார்கள்.

இந்த இரண்டு இத்தாலிய பாட்டில்களோடு அமெரிக்காவின் போர்பன் விஸ்கியும் எலுமிச்சைச் சாறும் சேர்ந்தால் கிடைப்பதுதான் ‘பேப்பர் பிளேன்’. அதாவது, காகித விமானம். கடந்த 20 ஆண்டுகளில் உருவாகி, உலகம் முழுக்க பார் மெனுக்களில் நிலைத்துவிட்ட புதிய காக்டெயில்களில் இது ஒன்று. அதன் பெயருக்குப் பின்னால் யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்த ஒரு தமிழ்ப் பெண் இருக்கிறார். இதைக் குடிப்பவர்களில் பலருக்கே அது தெரியாது.

இந்தக் காக்டெயிலில் என்ன இருக்கிறது? எப்படிக் கலக்குகிறார்கள்? பெயர் எப்படி வந்தது? பார்க்கலாம்.

யார் உருவாக்கியது?

சாம் ராஸ். ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரைச் சேர்ந்தவர். நியூயார்க்கில் ‘மில்க் அண்ட் ஹனி’ என்ற புகழ்பெற்ற பாரில் வேலை பார்த்தவர். ஸ்காட்ச், இஞ்சி, தேன், எலுமிச்சை சேர்ந்த ‘பெனிசிலின்’ என்ற காக்டெயிலும் அவர் உருவாக்கியதுதான்.

2007-08 காலகட்டத்தில் சிகாகோவில் ‘தி வயலட் ஹவர்’ என்ற புதிய பாருக்காக ஒரு பானம் வேண்டும் என்று கேட்டார்கள். ராஸ் போட்ட முதல் கணக்கில் அபெரோல் இல்லை. அதைவிடக் கசப்பு கூடுதலான காம்பாரி இருந்தது. கொஞ்ச நாளிலேயே காம்பாரியை எடுத்துவிட்டு, கசப்பு குறைந்த அபெரோலை வைத்தார். அந்த வடிவம்தான் நிலைத்தது.

சர்வதேச பார்டெண்டர்கள் சங்கமான ஐ.பி.ஏ. தன் அதிகாரபூர்வ காக்டெயில் பட்டியலில் 2020-இல் இதைச் சேர்த்தது. அளவு மனப்பாடம் செய்யவே தேவையில்லை: போர்பன் 30 மி.லி., அபெரோல் 30 மி.லி., அமாரோ நோனினோ 30 மி.லி., எலுமிச்சைச் சாறு 30 மி.லி. நான்கும் சமம்.

போர்பனுக்கும் நம்ம ஊர் விஸ்கிக்கும் என்ன வித்தியாசம்?

‘போர்பன்’ என்று லேபிளில் போட அமெரிக்கச் சட்டத்தில் கறாரான விதிகள் உண்டு. தானியக் கலவையில் குறைந்தது 51% மக்காச்சோளம் இருக்க வேண்டும். உட்புறம் தீயில் கருக்கிய புத்தம் புதிய ஓக் பீப்பாயில்தான் ஊறவைக்க வேண்டும். பீப்பாயில் ஊற்றும்போது ஆல்கஹால் 62.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பாட்டிலில் அடைக்கும்போது 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அமெரிக்காவில் தயாரித்திருக்க வேண்டும். 1964-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இதைத் தன் நாட்டுக்கே உரிய தனித்தன்மை கொண்ட பொருள் என்று தீர்மானமே போட்டது.

இந்தியாவில் ‘விஸ்கி’ என்று விற்பவற்றில் பலவற்றுக்கு அடிப்படை தானியம் அல்ல. கரும்பாலையில் சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் மொலாசஸ் பாகிலிருந்து வடித்த ஸ்பிரிட். அதனால் போர்பனுக்குப் பதில் அப்படியொரு குவார்ட்டரை ஊற்றினால் இந்தக் காக்டெயில் வராது. பேப்பர் பிளேனுக்கு வேண்டிய வெனிலா மணமும் கேரமல் இனிப்பும் கருக்கிய ஓக் மரத்திலிருந்துதான் வருகின்றன.

ஆம்பூர் தோலுக்கும் ஓக் பீப்பாய்க்கும் என்ன சம்பந்தம்?

இருக்கிறது. போர்பனைக் குடிக்கும்போது நாக்கு லேசாக இறுகுவது மாதிரி ஒரு உணர்வு வரும். அது கசப்பு இல்லை, துவர்ப்பு. வாழைப்பூவிலும் பாக்கிலும் வருவது. இதற்குக் காரணம் ‘டேனின்’ என்ற வேதிப்பொருள். ஓக் மரத்தில் இது தாராளமாக உண்டு.

சோளிங்கரைத் தாண்டி ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் தோல் தொழில் பகுதிக்கு டேனின் புதிய விஷயமே இல்லை. தோல் பதனிடும் ‘டேனரி’ என்ற சொல்லும் ‘டேனின்’ என்ற சொல்லும் ஒரே வேரில் வந்தவை. பச்சைத் தோலில் இருக்கும் புரதத்தோடு டேனின் பிணைந்துகொண்டால் அந்தத் தோல் அழுகாது. ஐரோப்பாவில் இதற்கு ஓக் மரப்பட்டையைப் பயன்படுத்தினார்கள். தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும். குரோமியம் உப்புகளைக் கொண்டு பதனிடும் முறை பரவுவதற்கு முன்பு இந்தப் பகுதியின் தோல் தொழில் நின்றது இந்தத் துவர்ப்பின் மேல்தான்.

நாக்கில் நடப்பதும் கிட்டத்தட்ட அதே வேலை. எச்சிலில் இருக்கும் புரதத்தோடு டேனின் பிணைகிறது. வழுவழுப்பு போய்விடுகிறது, வாய் உலர்ந்த மாதிரி ஆகிறது. அறுசுவையில் துவர்ப்புக்குத் தனி இடம் கொடுத்த தமிழருக்கு இந்த ருசியைப் புரியவைக்க ரொம்ப மெனக்கெட வேண்டியதில்லை.

அபெரோல், அமாரோ: கசப்பு எங்கிருந்து வருகிறது?

இத்தாலிய மொழியில் ‘அமாரோ’ என்றால் கசப்பு என்றே பொருள். மூலிகை, வேர், பட்டை, ஆரஞ்சுத் தோல் போன்றவற்றை ஆல்கஹாலில் ஊறவைத்து, சர்க்கரை சேர்த்துச் செய்யும் மது வகைகளுக்கு இது பொதுப் பெயர். ஒவ்வொரு குடும்பமும் ஒரு செய்முறை வைத்திருக்கும், அதை வெளியே சொல்லாது.

அபெரோல் 1919-இல் பதுவா நகரில் பார்பியேரி சகோதரர்கள் அறிமுகப்படுத்தியது. கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறம். ஆல்கஹால் 11% மட்டுமே. ஆரஞ்சு, ஜென்ஷியன் வேர், ருபார்ப், சிங்கோனா பட்டை ஆகியவை இதில் சேர்வதாகச் சொல்லப்படுகிறது. 2003 முதல் இது காம்பாரி நிறுவனத்தின் கையில் இருக்கிறது.

சிங்கோனா என்றதும் நீலகிரிக்காரர்களுக்கு ஒன்று ஞாபகம் வரலாம். மலேரியாவுக்கு மருந்தான குயினைன் எடுக்க, 1860-களில் ஆங்கிலேயர்கள் நீலகிரியில் சிங்கோனா தோட்டம் போட்டார்கள். நடுவட்டத்தில் குயினைன் தொழிற்சாலையும் நடந்தது. அந்த மரப்பட்டையின் கசப்புதான் டானிக் வாட்டரிலும் இருக்கிறது.

அமாரோ நோனினோ வேறு ரகம். வடகிழக்கு இத்தாலியின் ஃப்ரியூலி பகுதியில் 1897 முதல் வடிசாலை நடத்தும் நோனினோ குடும்பத்தின் தயாரிப்பு இது. திராட்சையிலிருந்து வடித்து, மரப்பீப்பாயில் ஊறிய ஸ்பிரிட்தான் அடிப்படை. ஆல்கஹால் 35%. தேன் நிறம், ஆரஞ்சுத் தோல் மணம், கடைசியில் மெதுவாக வந்து தங்கும் கசப்பு. அபெரோலின் கசப்பு நுனி நாக்கோடு போய்விடும். நோனினோவின் கசப்பு தொண்டை வரை கூட வரும்.

நான்கும் ஏன் சம அளவு?

இதற்கு ஒரு முன்னோடி உண்டு. சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன்பு அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்து கிளப் ஒன்றில் பிறந்த ‘லாஸ்ட் வேர்ட்’ என்ற காக்டெயில். ஜின், பச்சை ஷார்ட்ரூஸ், மராஸ்கினோ, எலுமிச்சை ஆகிய நான்கும் சம அளவு. ரொம்ப காலம் மறந்துபோயிருந்த அதை 2000-களின் தொடக்கத்தில் சியாட்டிலில் மீண்டும் பிரபலமாக்கினார்கள். அதே சமபங்கு அமைப்பில்தான் ராஸ் இதைச் செய்தார்.

புரியவில்லையா? சித்திரை முதல் நாள் வீட்டில் செய்யும் மாங்காய் வேப்பம்பூ பச்சடியை நினைத்துக்கொள்ளுங்கள். வெல்லம் மட்டும் என்றால் திகட்டும். மாங்காய் மட்டும் என்றால் பல் கூசும். வேப்பம்பூவை யாரும் தனியாகத் தின்ன மாட்டார்கள். மூன்றும் சேரும்போது ஒன்று மற்றொன்றைக் கட்டுப்படுத்துகிறது. இங்கேயும் அப்படித்தான். அபெரோலிலும் நோனினோவிலும் இருக்கும் சர்க்கரையை எலுமிச்சை வெட்டுகிறது. எலுமிச்சையின் கூர்மையைச் சர்க்கரை மழுக்குகிறது. இரண்டும் சேர்ந்து வெறும் சர்பத்தாகிவிடாமல் கசப்பு தடுக்கிறது. போர்பன் அடியில் நின்று தாங்குகிறது.

அதனால்தான் இதில் தனியாகச் சர்க்கரைப் பாகு சேர்ப்பதில்லை. இனிப்பு ஏற்கெனவே பாட்டிலுக்குள் இருக்கிறது.

எப்படிக் கலக்குவது?

காய்ச்சுவது, வடிப்பது எதுவும் இதில் கிடையாது. வீட்டில் சாராயம் வடிப்பது சட்டப்படி குற்றம். அது எவ்வளவு ஆபத்து என்பதை 2024 ஜூனில் 60-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட கள்ளக்குறிச்சி விஷச்சாராயச் சம்பவம் காட்டியது. பேப்பர் பிளேன் என்பது சீல் வைத்த பாட்டில்களில் இருப்பதை அளந்து கலப்பது மட்டுமே.

முதலில் கிளாஸை ஃப்ரீசரில் வைத்துக் குளிரவைக்க வேண்டும். எலுமிச்சையை அப்போதே பிழிந்து வடிகட்ட வேண்டும். முந்தின நாள் சாறும் பாட்டில் சாறும் வேலைக்கு ஆகாது. நான்கையும் அளந்து ஷேக்கரில் ஊற்றி, நிறைய ஐஸ் போட்டு 10 முதல் 15 விநாடி வேகமாகக் குலுக்க வேண்டும். பிறகு ஐஸ் விழாமல் வடிகட்டி, குளிர்ந்த கிளாஸில் ஊற்ற வேண்டும். அவ்வளவுதான். சில பார்களில் கிளாஸ் விளிம்பில் குட்டியாக ஒரு காகித விமானம் செருகித் தருவார்கள்.

இரண்டு இடத்தில் தவறு நடக்கும். ஒன்று ஐஸ். பொடி ஐஸ் சீக்கிரம் கரைந்து பானத்தை நீர்த்துப்போக வைக்கும், பெரிய கட்டிகள் நல்லது. ஆனால் கொஞ்சம் தண்ணீர் கலந்தே ஆக வேண்டும். குலுக்கும்போது கரையும் ஐஸ் தண்ணீரும் செய்முறையில் ஒரு பொருள்தான்.

இன்னொன்று எலுமிச்சை. வெளிநாட்டுச் செய்முறையில் சொல்வது பெரிய மஞ்சள் லெமன். நம்ம சந்தையில் கிடைக்கும் உருண்டை எலுமிச்சையின் புளிப்பும் மணமும் வேறு. அதனால் 30 மி.லி. முழுவதையும் ஊற்றிவிடாமல், 20 அல்லது 25 மி.லி.யில் தொடங்கி ருசி பார்த்துச் சேர்ப்பது பாதுகாப்பு.

இங்கே கிடைக்குமா? என்ன விலை ஆகும்?

தமிழ்நாட்டில் மது சில்லறை விற்பனை 2003-இலிருந்து டாஸ்மாக் வசம் இருக்கிறது. வெளிநாட்டு மது வேண்டுமென்றால் நகரங்களில் உள்ள ‘எலைட்’ கடைகளுக்குத்தான் போக வேண்டும். போர்பன் அங்கே கிடைக்க வாய்ப்பு உண்டு. நோனினோ எளிதில் சிக்காது. அது இல்லாத இடங்களில் மாண்டெநெக்ரோ போன்ற வேறு அமாரோவை வைத்துச் சமாளிக்கிறார்கள். ருசி கொஞ்சம் மாறும், இனிப்பு தூக்கலாக இருக்கும்.

விலைக்கு முக்கியக் காரணம் இறக்குமதி வரி. வெளிநாட்டு மதுவுக்கு இந்தியா 150% சுங்க வரி விதித்துவந்தது. 2025 பிப்ரவரியில் போர்பனுக்கு மட்டும் அதை 100% ஆகக் குறைத்தது மத்திய அரசு. பிரதமர் மோடி அமெரிக்கா சென்ற சமயத்தில் வந்த அறிவிப்பு அது. இத்தாலிய பாட்டில்களுக்கு அந்தச் சலுகை அப்போது கிடைக்கவில்லை. ஒரே கிளாஸில் கலக்கும் பாட்டில்களுக்கு எல்லையில் வெவ்வேறு வரி. இதற்கு மேல் மாநில வரிகள். ஒரு கிளாஸ் செய்ய மூன்று பாட்டில் வாங்க வேண்டும் என்பதால் வீட்டில் செய்வதைவிட, சென்னை, பெங்களூரு பார்களின் மெனுவில்தான் இதைப் பார்க்க வாய்ப்பு அதிகம்.

ஒரு கிளாஸில் எவ்வளவு ஆல்கஹால்?

குடிக்க இதமாக இருப்பதுதான் இதில் உள்ள சிக்கல். புளிப்பும் இனிப்பும் ஆல்கஹாலின் எரிச்சலை மறைத்துவிடும். “ஜூஸ் மாதிரி இருக்கு மச்சி” என்று மூன்று கிளாஸ் போனால் கணக்கு வேறு.

42.8% போர்பன் 30 மி.லி.யில் சுத்தமான ஆல்கஹால் சுமார் 12.8 மி.லி. நோனினோவில் 10.5. அபெரோலில் 3.3. மொத்தம் சுமார் 26.6 மி.லி., அதாவது 21 கிராம். 60 மி.லி. லார்ஜ் பெக் ஒன்றில் சுமார் 20 கிராம். ஆக, ஒரு பேப்பர் பிளேன் ஒரு லார்ஜுக்குச் சமம். மூன்று அடித்தால் ஒரு குவார்ட்டர். கிளாஸ் அழகாக இருக்கிறது, விலை ஆயிரத்தை ஒட்டி இருக்கிறது என்பதற்காகக் கல்லீரல் தனிச் சலுகை எதுவும் தராது.

எந்த அளவு மதுவும் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என்பதை உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகவே சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மது விற்கக் கூடாது. குடித்துவிட்டு வண்டி ஓட்டக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, பெயர் எங்கிருந்து வந்தது?

ராஸ் இந்தப் பானத்தை உருவாக்கிக்கொண்டிருந்த நாட்களில் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்த பாட்டு ‘பேப்பர் பிளேன்ஸ்’. பாடியவர் எம்.ஐ.ஏ. முழுப் பெயர் மாதங்கி ‘மாயா’ அருள்பிரகாசம்.

1975-இல் லண்டனில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் யாழ்ப்பாணம் திரும்பியது. தந்தை அருளர், ஈழ மாணவர் இயக்கமான ஈரோஸின் நிறுவனர்களில் ஒருவர். போர் துரத்தியது. நடுவில் கொஞ்ச காலம் சென்னை. 1986-இல் தாயோடு அகதியாக மீண்டும் லண்டன். 2005-இல் வந்த முதல் ஆல்பத்துக்குத் தந்தையின் பெயர், ‘அருளர்’. 2007-இல் வந்த இரண்டாவது ஆல்பத்துக்குத் தாயின் பெயர், ‘கலா’.

இரண்டாவது ஆல்பத்தை அமெரிக்காவில் பதிவு செய்வதுதான் திட்டம். 2006-இல் விசா சிக்கலில் அது மாட்டிக்கொண்டது. அதனால் நாடு நாடாகப் போய்ப் பதிவு செய்தார். அதில் ஒரு நிறுத்தம் சென்னை. இங்கே உறுமி மேளத்தைப் பதிவு செய்து பாட்டுகளில் சேர்த்தார். அந்த ஆல்பத்தின் முதல் பாட்டில் ‘தளபதி’ படத்துக்கு இளையராஜா போட்ட ‘காட்டுக்குயிலு’வின் துண்டு ஒன்றும் ஒலிக்கிறது.

‘பேப்பர் பிளேன்ஸ்’ அந்த விசா அலைச்சலின் நேரத்தில் பிறந்த பாட்டு. பிரிட்டனின் ‘தி கிளாஷ்’ குழு 1982-இல் வெளியிட்ட ஒரு பாட்டின் இசைமேல் கட்டப்பட்டது. பல்லவியில் துப்பாக்கிச் சத்தமும் கல்லாப்பெட்டி திறக்கும் சத்தமும் வரும். வெளிநாட்டிலிருந்து வருபவன் என்றாலே காசு பிடுங்க வந்தவன், ஆபத்தானவன் என்று பார்க்கும் பார்வையைக் கிண்டல் செய்வதற்காக வைத்தவை அவை. அமெரிக்கத் தொலைக்காட்சியில் அந்தத் துப்பாக்கிச் சத்தத்தையே மாற்றிவிட்டார்கள். எம்.ஐ.ஏ. அதில் கடுப்பானதும் செய்தியானது.

2008-இல் பாட்டு அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 4-ஆவது இடம் வரை போனது. அதே ஆண்டு வந்த ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்திலும் இடம்பெற்றது. அந்தப் படத்துக்காக ஏ.ஆர்.ரஹ்மானோடு அவர் சேர்ந்து செய்த ‘ஓ... சாயா’ ஆஸ்கருக்குப் பரிந்துரையானது. ‘பேப்பர் பிளேன்ஸ்’ கிராமியின் ‘ரெக்கார்ட் ஆஃப் தி இயர்’ விருதுக்குப் பரிந்துரையானது.

விசா சிக்கலில் மாட்டிய ஒரு பெண்ணின் பாட்டு. அதே அமெரிக்காவில், ஒரு பார் கவுன்டரில், அந்தப் பெயர் ஒரு கிளாஸில் ஒட்டிக்கொண்டது. இன்று அந்த கிளாஸ் டோக்கியோவிலும் லண்டனிலும் பெங்களூருவிலும் மெனுவில் இருக்கிறது. எங்கும் அதன் பாஸ்போர்ட்டை யாரும் கேட்பதில்லை. பெயருக்குச் சொந்தக்காரர் யார் என்பதையும் பெரும்பாலான மெனுக்கள் சொல்வதில்லை.

குடிக்கும் பழக்கம் இல்லாதவர்களுக்கும் இந்தக் கதையில் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. சோளிங்கர் பஸ் ஸ்டாண்டில் ஒரு நன்னாரி சர்பத் வாங்கிக்கொண்டு, ஹெட்போனில் அந்தப் பாட்டைப் போட்டுக் கேட்கலாம். அதற்கு 21 வயது ஆகியிருக்க வேண்டியதில்லை, சுங்க வரியும் இல்லை.